ஒன்றுக்கு நூற்றறுபது

இருட்டறைக்குள் போனால் ஐந்து நிமிடம்
கண்ணைப் பழக்க வேண்டும்.
வெளியே ரெசீஃபெயில் ஜூன் மழை.
சாவ் ஜோவாவ் விழாவுக்கு அடுக்கிய விறகு நனைகிறது.

கண்ணாடித் தகட்டில்
ஈயின் குடலில் வாழும் ஓருயிர்கள்,
வால் முளைத்த எள்ளு.
அவற்றின் மேல் ஒரு சொட்டு சீரம்.
குழாயில் பெயர்: டல்வனீரா.
வயது முப்பத்தொன்று. இது பதினான்காம் முறை.
முகம் எனக்குத் தெரியாது.

வேலியே பயிரை மேய்கிறது என்று
லூபஸை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.
இன்று மேய்கிறதா,
படுத்து அசைபோடுகிறதா
என்று கேட்கத்தான் ரத்தம் எடுக்கிறார்கள்.

பச்சை.
உட்கருவுக்குப் பக்கத்தில், அதைவிடச் சின்னதாய்
ஒரு புள்ளி எரிகிறது.
பத்து மடங்கு நீர்த்தேன், எரிந்தது.
இருபது. நாற்பது. எண்பது.
நூற்றறுபதிலும் அணையவில்லை.
மார்ச்சில் இருபதோடு அணைந்திருந்தது.

பக்கத்து மேசையில் எவால்டு வாசிக்கிறான்:
சி3 ஐம்பத்தெட்டு. சி4 ஆறு.
இறங்கக் கூடாதவை இரண்டும் இறங்கியிருக்கின்றன.
"சிறுநீரில் புரதம்?"
"இல்லை. பளிங்கு."
தோளைக் குலுக்கிவிட்டுக் காபிக்குப் போனான்.

படிவத்தின் ஓரத்தில் மருத்துவரின் கிறுக்கல்:
மூட்டுவலி இல்லை, தடிப்பு இல்லை,
சனிக்கிழமை ஆடப் போகிறாராம்.

அவள் முழங்கால் பொய் சொல்கிறதா,
என் பச்சையா?
சிலருக்கு இது வருடக்கணக்கில் எரியும்,
ஒரு கூரையும் பற்றாது.
சிலருக்கு ஆறே வாரம், சிறுநீரகம் போய்விடும்.
இவள் எந்தப் பக்கம் என்று
எந்த லென்ஸைத் திருகியும் தெரியவில்லை.

மறுபடி செய்தேன்.
புதிய தகடு, புதிய கரைசல்,
கொஞ்சம் வேண்டுதல்.
(வேண்டுதலுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.)
நூற்றறுபது.
எழுதினேன். கீழே ஜுரேமா என்று கையெழுத்து.

சனிக்கிழமை மழை விட்டது.
அக்கார்டியன், சுட்ட சோளம், கண்ணைக் கரிக்கும் புகை.
ஆடுகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டு
முழங்கை மடிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒருத்திக்கு அங்கே ஊசி விட்டுப்போன மஞ்சள்.
தாளம் தப்பாமல் சுழன்று
என் முன்னால் நின்றாள்.
"என்ன பார்க்கிறீங்க?"
"ஒன்றுமில்லை. நன்றாக ஆடுகிறீர்கள்."
சிரித்துக்கொண்டே
நெருப்பின் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

வேறு யாராவதாகவும் இருக்கலாம்.
இந்த ஊரில் ரத்தம் கொடுக்காத கை
எத்தனை இருக்கும்.