தனியன்

"ஒரு தனியன் வந்திருக்கு"
மல்லாவியிலிருந்து நேசமலர்.
ஃபோன் சத்தம் கேட்டு மச்சான்
ஆனைவெடி தேடி எழும்பிவிட்டார்.

அவருக்கு எங்கள் பாஷை தெரியாது.
சேதமில்லாதது முழுவன்.
விளிம்பு உதிர்ந்தது கொறியன்.
பசை போட்டது ஒட்டன்.
சோடி பிரிந்தது,
அதுதான்.

பெருவிரல் உயரக் களிமண் ஆனை,
இடப்பக்கம் பார்க்குதாம்.
ஒட்டுசுட்டானில் என் அலுமாரிக்குள்
வலப்பக்கம் பார்த்தபடி ஒன்று
ஒன்பது வருசமாய்.

"விலை சொல்லு."
"உன்ரைக்கு நீ சொல்லு."

ஒருவரும் விற்கவில்லை.
மாதத்தில் ஒருநாள்
மாங்குளத்தில் பஸ் மாறி
நெருப்புப்பெட்டிக்குள் பஞ்சு சுற்றி
ஒன்று மற்றதைப் பார்க்கப் போகும்,
பின்னேரம் திரும்பும்.

போனமுறை அவளுடையது
முழுவனாய் வந்து
கொறியனாய்ப் போனது.
நான் சொல்லவில்லை.
துதிக்கை நுனிதான், கடுகளவு.

அவளும் இன்னும் கேட்கவில்லை.