எதிர் பிளாட்பாரம்

சயான் ஸ்டேஷன், சாயங்காலம் ஆறே முக்கால்.
வண்டி போய் முடிந்ததும்
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என் தம்பி.
ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான்.
நான் இப்போதுதான் இறங்கினேன்.

மணிக்கட்டைத் திருகுகிறான்:
காலைல தண்ணி வந்துச்சா?
மூன்று விரலை நிமிர்த்தி, நாலாவதைப் பாதியில் மடக்குகிறேன்.
மூணு குடம். நாலாவது அரைக்குடத்தோட நின்னுபோச்சு.

அறிவிப்பு மராத்தியில் முழங்குகிறது, அப்புறம் இந்தியில்.
என் பக்கத்தில் ஒருத்தர்
எதிரே நிற்கும் மனைவியைப் பார்த்துக்
கத்திக் கத்தித் தொண்டை வறண்டு நிற்கிறார்.
அந்தம்மா காதில் கையைக் குவித்து
"காய்? காய்?" என்கிறாள்.
எங்களுக்கு ஒரு இரைச்சலும் இல்லை.

*

என் பேர் பேச்சி.
சுயம்புவின் வாயில் அது வந்ததில்லை.

"எல்லாப் பேச்சையும் அக்காக்காரியே வாங்கிட்டு வந்துட்டா,
தம்பிக்கு மிச்சம் வைக்கலை"
தாராவிக் குழாயடியில் சொன்னார்கள், சிரிப்புக்குத்தான்.
அம்மா சிரிக்கவில்லை.
ஊருக்குப் போகிறவர் கையில்
வெள்ளியில் ஒரு நாக்கு செய்து கொடுத்தனுப்பினாள், கோயிலுக்கு.

எனக்கு ஏழு வயது.
மூன்று நாள் நான் பேசவில்லை.
பேசாமல் இருந்தால் மிச்சம் சேரும்,
சேர்ந்தது அவனுக்குப் போகும் என்று கணக்கு.
அட்டெண்டன்ஸுக்கு வாய் திறக்காமல்
ஸ்கேலால் வாங்கினேன்.

மூன்றாம் நாள் ராத்திரி
என் கீழுதட்டை இரண்டு விரலால் இழுத்து
உள்ளே எட்டிப் பார்த்தான்,
கட்டிலடியில் உருண்ட கோலியைத் தேடுகிறவன் மாதிரி.
சிரித்துவிட்டேன்.
கணக்கு கெட்டது.

*

அப்புறம் நாங்களே சொல் செய்துகொண்டோம்.
வீட்டுக்காரர் வந்தால் சட்டைப் பை.
அம்மாவுக்குக் கோபம் என்றால் குக்கர் ஆவி
(விசிலை அவன் கேட்டதில்லை, பார்த்திருக்கிறான்).

பன்னிரண்டு வயதில் தாதரில் பள்ளிக்கூடம்.
வந்தவன் என்னைத் திருத்தினான்:
சாவி அப்படி இல்லை, இப்படி.
உள்ளங்கையில் விரல் முட்டியை வைத்துத் திருகினான்.
நம்ம வீட்ல குழாயும் சாவியும் ஒரே திருகல்தான், போடா.
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
நான் முகத்தைத் திருப்பினால்
அவனுக்கு மொத்தப் பேச்சும் நின்றுபோகும்.
தெரிந்தேதான் செய்தேன்.

போன தீபாவளிக்கு
குர்லாவில் அவன் சிநேகிதர்களோடு டீ.
இருபது ஜோடிக் கைகள். என்ன வேகம்!
நான் மட்டும் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்,
சொந்தக்காரர் கல்யாணங்களில்
அவன் உட்கார்ந்திருந்தானே, அதே சிரிப்பு.
எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.
என்னைக் காட்டி
கீழுதட்டை இரண்டு விரலால் இழுத்தான்.
அத்தனை பேரும் அவரவர் உதட்டை இழுத்து
என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள்.
என் பெயராம் அது.
எப்போதிலிருந்து என்று கேட்டேன்.
தோளைக் குலுக்கி, இன்னொரு பன்னைப் பிய்த்தான்.

*

பக்கத்து ஆள் எங்களைக் கவனித்துவிட்டார்.
போனில் சார்ஜ் இல்லையாம்.
"உன் ஆள்கிட்டச் சொல்லும்மா,
என் சம்சாரம் அவன் பக்கத்துலதான் நிக்கறா.
சாவி பால்காரர் வீட்ல இருக்கு."

மணிக்கட்டைத் திருகினேன்.
மூன்றரை விரல் காட்டினான் சுயம்பு:
தண்ணி, அதான் சொன்னியே.
மறுபடி திருகினேன்.
மறுபடி மூன்றரை.

வேறு வழியில்லை.
உள்ளங்கையில் விரல் முட்டியை வைத்து, திருகினேன்.

முகமெல்லாம் பல் அவனுக்கு.
கையைத் தூக்கி இன்னொரு முறை செய்யச் சொன்னான்,
புரிந்தும்.
செய்தேன், சனியனுக்கு.

போனில் தட்டி அந்தம்மாவிடம் காட்டுகிறான்.
அவள் நெற்றியில் அடித்துக்கொள்கிறாள்.
இந்தப் பக்கம் புருஷன் மூச்சு விடுகிறார்.
"பாவம், பிறவியிலேயேவா?" என்கிறார் என்னிடம்.

பதில் சொல்லத் திரும்பவில்லை.
எதிரே உதட்டருகே இரண்டு விரல் போகிறது.
அதற்குப் பிறகு ஏதோ ஒரு சொல்,
புதுசு, எனக்குத் தெரியாதது.
நடுவே அவனுடைய வண்டி வந்துவிட்டது.

காலையில் வரட்டும்.