செத்த பணம்

ஊப்பர்டாலில் மழை.
தொங்கும் ரயில் ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம்
என் மேசைமீது ஒரு நிழல் ஊர்ந்து போகிறது.

குவார்ட்டர்பேக் ஹார்க்ரோவை விற்றால்
சம்பள உச்சவரம்புக்குள் வந்துவிடுவோம்.
வாங்க ஆளில்லை.
இன்ஸ்ப்ரூக் சிரித்தது.
வார்சா ஓர் உதைப்பாளனைத் தருவதாகச் சொல்லி
மறுநாள் போனையே எடுக்கவில்லை.

நான்கு மணிக்குள் விடுவிக்க வேண்டும்.
விடுவித்தாலும் விடாது:
கொடுத்த முன்பணத்தின் மிச்சம்
அடுத்த வருடமும் நம் தலையில்தான்.
செத்த பணம் என்பார்கள்.
செத்தது இப்படிக் கனக்குமா?

மூன்றரைக்கு அவனே வந்தான்.
வீட்டுச் சாவி, கார்ச் சாவி,
பின்சீட்டில் மகள் சிந்திய பிஸ்கட் தூளுக்கு
ஒரு மன்னிப்பு.
வலது தோள் இன்னும் ஏறவில்லை,
இடக்கையால் கையெழுத்திட்டான்,
ஒன்றாம் வகுப்பு எழுத்து.

"அடுத்த வருடம் நான் எவ்வளவு?"
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
நாற்பத்தோராயிரம் யூரோ.
விசிலடித்தான்.
"புதுப் பையனுக்கே இவ்வளவு இல்லையே!"

நான்கு அடிக்க ஐந்து நிமிடம்.
பெயரை அழித்தேன்.
தொகை அப்படியே நின்றது,
யாருடையது என்று தெரியாமல்.

கீழே, நிறுத்தத்தில்,
டிக்கெட் இயந்திரத்தின் முன்
ஒற்றைக் கையால் பையைத் துழாவுகிறான்.
சில்லறை போதவில்லை போலிருக்கிறது.