தொங்குரயில் உயரத்தில்

வுப்பர்டாலில், கைசர் வீதியில்,
ரயில் தெருவுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும்.
பச்சை இரும்புக் கால்கள் இருபுறமும் அகட்டி நிற்க
நடுவில் அது,
கொடியில் காயும் சட்டையைக் காற்று நகர்த்துவதுபோல.

பிறேமினி சலூனுக்குப் பிடித்தது இரண்டாம் மாடி.
முன்பு பல்வைத்தியர் இருந்த இடம்.
தரையில் நான்கு குழாய் வாய்கள், சுவரில் கிராம்பு மணம்.
"தலை கழுவுற தொட்டிக்கு இது காணும்தானே?"
காணாது.
வாய் கொப்பளிக்கிற தண்ணீரும் தலை முழுகுகிற தண்ணீரும் ஒன்றா?
வடிகாலுக்குச் சாய்வு வேண்டும், மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர்.
தொட்டிப் பக்கத் தரையை ஒரு படி உயர்த்தினேன்.
அந்தப் படியில் முதலில் இடறி விழுந்தவள் நான்தான்.

வெளிச்சத்தில் சண்டை வந்தது.
அவளுக்கு மஞ்சள் வேண்டும், கல்யாண மண்டபத்து மஞ்சள்;
மஞ்சளில் எல்லோரும் வடிவு என்றாள்.
மஞ்சளில் சாயம் பொய் சொல்லும் என்றேன்.
இங்கே செம்பாக மின்னும் தலை
கீழே பஸ் தரிப்பில் கத்தரிக்காய் ஆகிவிடும்.
கடைசியில் கண்ணாடிகளின் இரு விளிம்பிலும் பகல்வெள்ளை,
காத்திருக்கும் வாங்குக்கு மட்டும் மஞ்சள்.
உச்சியிலிருந்து ஒரு விளக்கும் இல்லை:
உச்சிவிளக்கு கண்ணுக்குக் கீழே பத்து வருடம் வரைந்துவிடும்.

நான் கணக்கில் எடுக்காதது ரயிலை.
வரைபடத்தில் அதற்கு ஒரு கோடு போட்டிருந்தேன், அவ்வளவுதான்.
திறந்த அன்று முதல் வாடிக்கையாளர்
தொட்டியில் பிடரி சாய்த்துக் கண்மூடிக் கிடக்க
சன்னல் நிறைய முகங்கள் வந்தன, பார்த்தன, போயின.
ஐந்து நிமிடத்தில் வேறு முகங்கள்.
அவள் ஈரத்தலையோடு எழும்பி
"ஐஸில் கிடத்திய மீனா நான்?" என்றாள்.

அன்றிரவே பால்தாள் ஒட்டினேன்,
மேல்சட்டத்திலிருந்து கீழ்ச்சட்டம் வரை, விரற்கடையும் விடாமல்.
அதற்குப் பிறகு ரயில் ஒரு நிழல்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
கண்ணாடியில் இருக்கும் எல்லா நெற்றிகளுக்கும்
சாம்பல் தடவிக்கொண்டு போகும்.

நவம்பரில் ஒருத்தி வந்தாள்.
நீலச் சீருடை. குட்டைமுடி, அதை இன்னும் குட்டையாக்க வேண்டும்.
பெயர் அன்னெகிரெட். ரயிலோட்டி.
நான் அப்போது ஏணியில், கழன்ற விளிம்பு ஒன்றைப் பூட்டிக்கொண்டு.
அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.
"மூன்று மாதம், நாளுக்குப் பதினெட்டுத் தரம்,
நீங்கள் இதைக் கட்டுவதைப் பார்த்தேன்.
சுவர் மூன்று நிறம் மாறியது. நடுவில் வந்த பச்சைதான் சரி.
ஒருநாள் யாரோ அந்தப் படியில் விழுந்தார்கள்.
அப்புறம், எல்லாவற்றிலும் பால் ஊற்றிவிட்டீர்கள்."

என் வேலையை இத்தனை கவனமாக
காசு கொடுத்தவள்கூடப் பார்த்ததில்லை.
ஏணியிலிருந்து இறங்க வெட்கமாக இருந்தது.

மீனும் சரி, ரயிலோட்டியும் சரி.
ஓட்டுகிறவளுக்குத் தெரிந்து
பயணிக்குத் தெரியாத உயரம் ஒன்று உண்டா என்று
ஞாயிறு முழுக்க ரயிலில் போய்ப் போய் வந்தேன்.
இல்லை.
ஆனால் சன்னலின் உச்சியில் ஒரு சாண் திறந்தால்
ரயிலிலிருந்து தெரிவது சுவரின் நெற்றியும் கூரையும்தான்;
எந்தத் தலையும் இல்லை.

வெட்டுக்கத்தியால் அந்த ஒரு சாணை உரித்தேன்.
உள்ளே எதிர்ச்சுவரின் உச்சியில் மட்டும்
அந்த நடுப்பச்சையைத் திரும்பப் பூசினேன்.
"ஆர் பாக்கிறதுக்கு இது?" பிறேமினி கேட்டாள்.
பச்சைக்கு நான் பில் அனுப்பவில்லை.

அன்னெகிரெட் அதைப் பார்த்தாளா தெரியாது.
முடி அவ்வளவு குட்டை, இனிச் சித்திரையில்தான் வருவாள்.

நான் எதிர்பாராதது வேறு:
தொட்டியில் பிடரி சாய்த்தவர்களுக்கு
அந்தச் சாண் வானத்தில்
ரயிலின் முகமோ சன்னலோ தெரிவதில்லை.
மேலே தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு
உருளும் சக்கரங்கள் மட்டும்.
பிறேமினியின் விரல்கள் உச்சந்தலையில் நுரைக்கும்போது
அவர்கள் இப்போது
கண்மூடுவதில்லை.