ஏற்கெனவே

பாகாவ் மிருகக் கிளினிக்,
சனிக்கிழமைக் கூட்டம்.
செம்பனை லாரி ஓட்டும் பரஞ்சோதி
நாயைக் கயிற்றோடு தூக்கி மேசைமேல் வைத்தார்.
'சிப் போடணும். என் பேர்ல.'

ஊசியைப் பிரிக்குமுன்
வழக்கப்படி கருவியைப் பிடரியில் ஓட்டினேன்.
கீச்சென்றது.
பதினைந்து எண்கள்,
தோலுக்கடியில், ஓர் அரிசியளவில்,
ஏற்கெனவே.

பெயர் கோப்பி.
உரிமையாளர் ஓங் சியூ லான், கோலா பிலா.

காக்கா என்றுதான் இவர் கூப்பிடுவார்.
இரண்டு மழைக்காலத்துக்கு முன்
பதினேழாம் நம்பர் காட்டில்
குலைகளுக்கு நடுவே உண்ணி அப்பிக் கிடந்ததாம்.
அன்றிலிருந்து லாரியின் முன்சீட்டு அதற்குத்தான்;
கிளீனர் பையன் பின்னால் ஏறுவான்.

'நம்பர் தப்பா இருக்குமோ?'
மறுபடி ஓட்டினேன்.
மறுபடி அதே பதினைந்து.

'எனக்கு நீல ஐசி வர
நாற்பத்தோரு வயசாச்சு' என்றார்,
சுவரில் தொங்கிய பூனைப் படத்திடம்.
நாய் அவர் முழங்கையை நக்கியது.

தொலைபேசியை என் பக்கம் தள்ளினார்.
'கூப்பிடுங்க.'

மணி போய்க்கொண்டிருந்தபோது கேட்டார்:
'அந்தப் பாரத்துல
ரெண்டாவது பேருக்கு இடம் இருக்கா?'

ஒரே கட்டம்தான்.
நான் சொல்வதற்குள்
மறுமுனையில் ஒரு கிழக்குரல்:
'வேய்?'

நாயின் காது நிமிர்ந்தது.