கோப்பு நாற்பத்தொன்று

வினிபெக்கில் மைனஸ் முப்பத்துநாலு.
போர்ட்டேஜ் வீதிக் கட்டடம், மூன்றாம் மாடி,
ஜன்னல் இல்லாத அறை.
யாரோ வாடகைக்கு எடுத்துக் கைவிட்ட சேர்வரிலிருந்து
மத்திய பொலிஸ் அள்ளிக்கொண்டு வந்த குரல்கள்.
ஹெட்போனை மாட்டிக்கொண்டு
களவெடுத்தவனின் தமிழை
மணிக்கு முப்பத்தெட்டு டொலருக்கு
ஆங்கிலமாக்குகிறேன்.

இருமலையும் எழுது என்றாள் கோப்ரல் றூசெல்.
மௌனத்தையும், எத்தனை செக்கன் என்று.

"வணக்கம் ஐயா, வங்கியிலயிருந்து கதைக்கிறன்."
யாழ்ப்பாணத் தமிழ். நெஞ்சைத் தடவுகிற தமிழ்.
குலவீரசிங்கம், ஓய்வுபெற்ற பஸ் சாரதி,
"சொல்லும் தம்பி" என்கிறார்.
தம்பிக்கு என்ன போடுவது?
ஆங்கிலத்தில் அது
பிறப்புச் சான்றிதழ் கேட்கும் சொல்.
ஏதோ போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

பதினேழாவது நிமிஷம் வழுக்கினான்:
"அந்த நம்பரை இன்னொரு வாட்டி சொல்லுங்கோ."
வாட்டி.
நாங்கள் ஒருக்கா என்போம்.
இரவல் சட்டையில்
கிழிக்க மறந்த விலைச்சீட்டு.
ஓரத்தில் குறிப்பெழுதினேன்:
பேசுபவர் இலங்கையர் அல்லர். பாடமாக்கியிருக்கிறார்.

றூசெல் நீதிபதியிடம் கையெழுத்து வாங்கி
பணத்தின் பின்னால் போனாள்.
நாற்பத்திரண்டாயிரம் டொலர்
நாலு வங்கி, பதின்மூன்று டிஜிட்டல் பணப்பை,
ஒவ்வொன்றிலும் ஏழு நிமிஷம் மூச்சுவாங்கி
எல்லை கடந்திருந்தது.
காசுக்கு விசா தேவையில்லை.
அவளுடைய விண்ணப்பத்துக்கு
மூன்று அமைச்சுகளின் முத்திரை வேண்டும்.

கல்கரியில் ஒரு கணக்கில்
பதினோராயிரத்தை மட்டும் மடக்கினார்கள்.
வால்தான் கையில். பல்லி ஓடிவிட்டது.

அந்த வாலைக் கொடுக்கத்தான்
கிழவருக்கு ஃபோன் எடுத்தார்கள்.
வெட்டினார்.
என்னைத் தமிழில் கதைக்கவைத்தார்கள்.
"தமிழிலதான் பிள்ளை அவனும் கதைச்சவன்."
வெட்டினார்.
மகள் எடுத்தாலும் இப்போது வெட்டுகிறாராம்.

கடைசியில் சீருடையோடு ஒரு கொன்ஸ்டபிள் போனான்.
கதவிடுக்கால் பாட்ஜ் இலக்கத்தைக் கேட்டு,
கதவைச் சாத்தி,
பழைய டெலிஃபோன் புத்தகத்தில் நம்பர் தேடி,
இப்படியொருவன் உங்களிடம் உண்டோ என்று
நிலையத்துக்கே அடித்து விசாரித்திருக்கிறார்.
இருபது நிமிஷம் பனியில் நின்றானாம்.
மீசை உறைந்து திரும்பியவன் சொன்னான்:
நாங்கள் அச்சடித்த துண்டுப்பிரசுரத்தை
முழுசாக வாசித்த ஒரே மனிதர்.

றூசெல் சிரித்தாள். நானும்.

பிறகு கோப்பு நாற்பத்தொன்று.
அதே குரல். வேறு யாரையோ ஏமாற்றி முடித்து
லைனை வெட்ட மறந்திருந்தான்.
கதிரை இழுபடும் சத்தம்.
எனக்குத் தெரியாத பாஷையில் ஓர் அதட்டல்.
ஏதோ ஒன்று தோலில் விழும் சத்தம்.
"சார், சார், இன்னைக்கு ரெண்டு பேர் முடிச்சிட்டேன் சார்."
பக்கத்தில் ஆரிடமோ, மெல்ல:
"ஏல, நம்ம பாஸ்போர்ட்ட எப்பதாம்ல குடுப்பாவ?"
பதில் இல்லை. பதினொரு செக்கன்.

மூன்று தரம் பின்னுக்கு இழுத்துக் கேட்டேன்.
அங்கே வங்கி அதிகாரி இல்லை.
யாழ்ப்பாணமும் இல்லை.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
சந்தேகநபர். பாதிக்கப்பட்டவர்.
ஒன்றில்தான் புள்ளடி போடலாம்.
றூசெல் பேனையை மூடிவைத்து
அவன் பேர் தெரியுமா என்றாள்.
தெரியாது.
ஊர் மட்டும், கிட்டத்தட்ட.
திருநெல்வேலிப் பக்கம்.

ஏல என்பதற்கு ஆங்கிலம் இல்லை.
அறிக்கையில் அந்த ஒரு சொல்லைத்
தமிழ் எழுத்திலேயே விட்டேன்.
அது போய்ச்சேரும் ஏதோவொரு நாட்டில்,
ஏதோவொரு மேசையில்
வாசிக்கத் தெரிந்த ஒருத்தர்
இருந்தாலும் இருக்கலாம்.