இன்வாய்சில் ஓர் அடிக்குறிப்பு

ஐந்து வருடம் இறால் ஓட்டைக் கரைத்துக் கரைத்து
அவர் கண்டுபிடித்தது
விரல் அகலத்தில் ஒரு பட்டை.
மீன் கெடத் தொடங்கினால்
மஞ்சள் ஊதாவாகும்,
மூக்குக்குத் தெரிவதற்கு ஆறு மணி நேரம் முன்பே.

என் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.
மூன்றாம் மாடி, லிஃப்ட் நிற்காத பக்கம்.
பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து உதிர்ந்து
ஒரு வருடமாகிறது, யாரும் ஒட்டவில்லை.
அதன் கீழே உட்கார்ந்துகொண்டு
வருகிறவர்களிடம் எல்லாம் ஒன்றையே கேட்கிறேன்:
இதை யார் காசு கொடுத்து வாங்குவார்?

டாக்டர் கனகமாலினி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"எல்லாரும்" என்றார்.
எனக்குத் தெரிந்து
எல்லாரும் என்ற பெயரில்
ஒருவரும் பணப்பை வைத்திருப்பதில்லை.

விடிகாலை ஐந்தரைக்கு
பத்து லஞ்சாங் சந்தைக்கு அழைத்துப் போனேன்.
ஈரத் தரையில் அவர் செருப்பு
சறுக்கிச் சறுக்கி நின்றது.
மீன்காரர் பெக் ஹூன்
பட்டையை விளக்கடியில் தூக்கிப் பார்த்தார்.
"நல்லாத்தான் இருக்கு டாக்டர்.
இது ஊதாவானா, அப்புறம்
என் மீனை நீங்க வாங்குவீங்களா?"
சொல்லிவிட்டு நான்கு கெம்போங் மீனை
பொட்டலம் கட்டிச் சும்மா கொடுத்தார்.

பசியாறவும் இறங்கவில்லை.
கெலுகோர் சிக்னலில்
"ஐந்து வருடம்" என்றார்.
"ஆமாம்" என்றேன்.
பச்சை விழுந்தது.

பிறகு பதினான்கு பேர் வேண்டாமென்றார்கள்.
குளிர்லோரி முதலாளி ஒருவர்
வேண்டாம் என்பதை நாற்பது நிமிடம் சொன்னார்.
பதினைந்தாவது, பாலத்துக்கு அக்கரையில்
ஒரு மருத்துவமனைச் சமையலறை.
மேற்பார்வையாளர் ரொஸ்னீத்தா பட்டையைத் தொடவேயில்லை.
"போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மீன்.
முப்பத்தொரு நோயாளிக்கு வயிற்றுப்போக்கு.
அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியையும்
நானே முகர்கிறேன்.
வீட்டுக்குப் போனால் சோப்பும் மீனாய் மணக்கிறது.
மாதம் எத்தனை தர முடியும்?"

கனகமாலினி என்னைப் பார்த்தார்.
ஐந்து வருடத்தில்
அவருக்குப் பதில் தெரியாத முதல் கேள்வி.
ஆய்வகத்தில், கையால்,
வாரத்துக்கு நாற்பது.

அப்புறம் காகிதம்.
காப்புரிமை பல்கலைக்கழகத்தின் பெயரில்,
பங்கில் முப்பது விழுக்காடும் அதற்கே.
பத்து, சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்த
மாணவன் ஹாவ் சின்னுக்கு.
ஒப்பந்தத்தை ஆய்வேடு திருத்துவதுபோல் படித்து
சிவப்பு மையில்
வழக்கறிஞரின் காற்புள்ளிகளைத் திருத்தினார்.
கடைசியில் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"கம்பெனி மூடிப்போனால்
என் ஆய்வு நோட்டை நான் எடுத்துக்கொள்ளலாமா?"

பதினேழாம் பிரிவு. முடியாது.
சொன்னேன்.
இன்று சொல்லாமல் விட்டு
என்றோ ஒருநாள் சொன்ன கதை
எனக்கு இரண்டு உண்டு.

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு நோட்டைக் கைப்பைக்குள் தள்ளிவிட்டுக்
கையெழுத்துப் போட்டார்.
நான் அப்போது
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் இன்வாய்ஸ்:
மூவாயிரத்து எண்ணூற்று அறுபது வெள்ளி.
சரிபார்க்க எனக்கு அனுப்பியிருந்தார்.
தொகைக்கு மேலே சின்னதாய் ஓர் எண் ஒன்று.
கீழே அடிக்குறிப்பு:
'முப்பது டிகிரிக்கு மேல் சோதிக்கப்படவில்லை.'
இன்வாய்சுக்கு அடிக்குறிப்பு கிடையாது, டாக்டர்.
"தெரியும்" என்றார்.
"ஆனா சோதிக்கலையே."

அழிக்கப் போன விரலை ஏனோ எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் பணம் வந்தது.
கூடவே ரொஸ்னீத்தாவின் ஒற்றை வரி:
'எங்கள் பின்வாசலில் முப்பத்து நான்கு.
எப்போது வருகிறீர்கள்?'

பகல் பன்னிரண்டு.
மீன் லோரிக்குப் பக்கத்தில்
தெர்மாமீட்டரோடு குந்தியிருக்கிறார்
கம்பெனியின் இயக்குநர்.
பட்டைகளை வரிசையாக ஒட்டுகிறான் ஹாவ் சின்.
நான் குடை பிடிக்கிறேன்.
என் பணி விவரத்தில்
குடை இல்லை.